ஏற்காடு ஏற்றத்தில் கார் திணறினால்: ஷெட்டா, கம்பெனி சர்வீஸா, சொந்த ஸ்கேனரா?

சேலத்துக்குள் ஓட்டும்வரை என் கார் ஒரு குறையும் சொல்லாது. ஐந்து ரோட்டில் நின்று நின்று கிளம்பும், ஜங்ஷன் வரை போய் வரும், ஏ.சி. போட்டாலும் முனகாது. அடிவாரம் தாண்டி மலை ஏற ஆரம்பித்து, ஏழாவது எட்டாவது கொண்டை ஊசி வளைவு வந்த பிறகுதான் அதன் சுயரூபம் தெரியும். இரண்டாவது கியரில் வளைவை முடித்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி குலுங்கும். பின்னாலிருந்து யாரோ பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி இருக்கும். மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டும். ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் இரண்டு வளைவுக்கு ஒழுங்காகப் போகும். அப்புறம் மறுபடியும் அதே கதை.

2014 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. எஸ்டேட்டுகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. வாரம் ஒரு தடவையாவது மேலே போயே ஆக வேண்டும். அதனால் இதை எங்கே காட்டுவது என்ற கேள்வி எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. ஒன்றரை மாதத்தில் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன். எது எதற்கு உதவும், எது எங்கே கைவிடும் என்பதை எழுதி வைத்தால் நாலு பேருக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இழுக்கவில்லை என்பது வேறு, குலுங்குகிறது என்பது வேறு. சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சேலத்தோடு ஒப்பிட்டால் ஏற்காட்டில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்குச் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கி நிறையப் பையை அடைத்து, ஏ.சி.யும் போட்டுக்கொண்டு "வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று ஷெட்டுக்குப் போனால், இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பார்கள். சக்தி சீராகக் குறைந்தால் பாதிப் பழி மலையின் மேல். குலுங்கினால், வெட்டி வெட்டி இழுத்தால், அது வண்டியின் வேலைதான்.

இன்னொன்று. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு போய்ச் சேரலாம். சிமிட்டினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது, அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும் என்பதற்கான எச்சரிக்கை அது. அந்த ஒரு பாகத்தின் விலையைக் கேட்டால் மற்ற எல்லா எஸ்டிமேட்டும் சில்லறையாகத் தெரியும்.

சரி, நான் முதலில் போனது எப்போதும் போகும் ஷெட்டுக்கு. கோரிமேடு பக்கம் இருபது வருஷமாக வண்டி பார்க்கிறவர். பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். ஐட்லிங்கில் ஒரு குறையும் இல்லை. "பிளக்கு மாத்தி எவ்வளவு நாளாச்சுங்க தம்பி?" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. நாலு பிளக்கையும் கழற்றிப் பழைய துணி ஒன்றின் மேல் வரிசையாக வைத்தார். மூன்று பிளக்கின் நுனி வெளிறிய செங்கல் நிறம். மூன்றாவதாக வைத்த ஒன்று மட்டும் கறுத்து, ஈரம் மின்ன, பெட்ரோல் வாடை அடித்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. புதுப் பிளக் நாலு, கூலியோடு 1,100 ரூபாய்.

அடுத்த வாரம் எட்டாவது வளைவில் அதே குலுக்கல். திரும்பிப் போனேன். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டினார். "லைட் போயிடுச்சு பாருங்க" என்றார். அப்புறம், "ஃபியூல் பம்பா இருக்கும். மாத்திப் பார்த்துடலாம்" என்றார்.

"மாத்திப் பார்த்துடலாம்" என்ற அந்த வார்த்தையில்தான் நம் காசு கரைகிறது. அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. பம்ப் பலவீனமானாலும் ஏற்றத்தில்தான் தெரியும் என்பது உண்மை. பெட்ரோலை மூன்று நாலு பார் அழுத்தத்தில் தள்ள வேண்டிய பம்ப், தேவை கூடும்போது திணறும். ஆனால் அப்படித் திணறினால் நாலு சிலிண்டரும் சேர்ந்து பட்டினி கிடக்கும்; வண்டி துவளும், இந்த மாதிரிக் குலுங்காது. ஒரே ஒரு பிளக் மட்டும் நனைந்திருக்காது. அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். மீட்டர் அவரிடம் இல்லை; பம்ப் கடையில் இருக்கிறது. அதனால் பம்பையே மாற்றிப் பார்க்கத் தோன்றுகிறது.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டர். கண்ணாடி அறை, காபி, ஜாப் கார்டு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தவர் "பிக்கப் கம்ப்ளைன்ட்" என்று இரண்டே வார்த்தையில் எழுதினார். எட்டாவது வளைவு, சூடான பிறகு, இரண்டாவது கியர், விளக்கு சிமிட்டுகிறது என்று நான் சொன்ன நாலு தடயமும் அந்த இரண்டு வார்த்தையில் காணாமல் போயின. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கிற அவர்கள் ஸ்கேனர், என் ஷெட்டில் இருக்கும் எதையும்விட நல்லது. ஆனால் அது என்ன சொல்லும்? முந்தின நாள் டெர்மினலைக் கழற்றியதில் கம்ப்யூட்டரின் நினைவு துடைக்கப்பட்டிருந்தது. மெயின் ரோட்டில் சமதளமாக மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து "நார்மல்" என்றார்கள். வெறும் கையோடு அனுப்பவும் மனசில்லை. இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஃபியூல் பம்ப், இன்னும் இரண்டு மூன்று சாமான் என்று 23,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் கையில் கொடுத்தார்கள். பார்த்ததற்குத் தனியாக 800.

இதைச் சொல்வதால் கம்பெனி சர்வீஸ் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரண்டி இருக்கிற வண்டிக்கு வேறு யோசனையே தேவையில்லை, அங்கேதான் போக வேண்டும். வெளியே கைவைத்தால் வாரண்டி வாக்குவாதத்தில் முடியும். சாவியை வண்டி அடையாளம் காணவில்லை, சாஃப்ட்வேர் மாற்ற வேண்டும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் சண்டித்தனம் செய்கிறது என்றாலும் அங்கேதான். பெருமழையில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் இன்னும் முக்கியம். திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அந்த நிலையிலேயே தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கினால், இன்சூரன்ஸில் இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்தவர்களுக்கு வழி எளிது. ஆனால் வாரண்டி முடிந்து, எப்போதோ ஒரு தடவை மட்டும் வருகிற நோய்க்கு அந்த இடம் தோதுப்படாது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்து ஓடுகிற இடத்திலிருந்து, எனக்காக ஒருவர் ஏற்காட்டு மலை ஏறிப் பார்க்க வருவாரா?

மூன்றாவது வழி, 900 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய ஓ.பி.டி. ஸ்கேனர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படுகிற இடத்தில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகி, போனில் புளூடூத் போட்டு, ஓர் ஆப்பைத் திறந்தால் போதும். 2013-க்குப் பிறகு வந்த பி.எஸ். 4 (புகை விதி) வண்டி எதிலும் இது வேலை செய்ய வேண்டும். ரொம்பப் பழைய வண்டிக்கு இந்த வழி கிடையாது. 

அதைச் செருகிக்கொண்டே மலை ஏறினேன். ஒன்பதாவது வளைவில் குலுங்கியது. ஓரங்கட்டிப் பார்த்தால் "பி 0303" என்று ஒரு கோடு, அதாவது கோளாறின் குறியீட்டு எண், வந்திருந்தது. பி 03 என்றால் எரியூட்டல் பக்கத்துக் கோளாறு; கடைசி இரண்டு எண் எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறது. மூன்றாவது சிலிண்டர் எரியாமல் தவறுகிறது என்று பொருள். 0300 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை, மாறி மாறித் தவறுகிறது என்று அர்த்தம். அதைவிடப் பயனுள்ள இன்னொன்றும் இருந்தது. கோளாறு பதிவான அந்த நொடியின் நிலவரத்தைக் கம்ப்யூட்டர் ஒரு போட்டோ மாதிரி பிடித்து வைக்கிறது: இன்ஜின் சுற்று 2,900, சுமை 89 சதவீதம், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு 96 டிகிரி. ஆக, சூடு எல்லை மீறவில்லை, ஆனால் இன்ஜின் முழு மூச்சோடு இழுக்கும்போதுதான் தவறுகிறது.

அன்றைக்குத் துணியின் மேல் கறுத்துக் கிடந்த அந்த மூன்றாவது பிளக் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சமதளத்தில் தெரியாமல் ஏற்றத்தில் மட்டும் ஏன் இப்படி? பிளக்கின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி. அதைத் தாண்டிப் பொறி குதிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைக் கொடுப்பது பிளக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் காயில். காயிலின் உள்சுற்றில் இன்சுலேஷன் தளர்ந்திருந்தால் ஊருக்குள் சமாளித்துவிடும், மலையில் சூடும் சுமையும் சேரும்போது காலை வாரும். ஐந்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும்.

இது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. நிரூபிக்கக் காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, 10 எம்.எம். ஸ்பேனரால் மூன்றாவது காயிலையும் இரண்டாவது காயிலையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். ஒரு காயிலுக்கு ஒரே ஒரு போல்ட், ஒரு கிளிப். கிளிப்பைக் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். பழைய வண்டியில் பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி உடையும், அவசரப்படக் கூடாது. ஒன்றாவது சிலிண்டர் எது என்பது டைமிங் செயின் இருக்கிற பக்கத்திலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. பழைய கோடை அழித்துவிட்டு மேலே ஏறினேன். பத்தாவது வளைவில் குலுங்கியது. இப்போது வந்தது பி 0302.

காயில் எங்கே போனதோ அங்கேயே நோயும் போயிருந்தது. புதுக் காயில் 1,850 ரூபாய், மாட்டுகூலி என் கை. 23,400 ரூபாய் எஸ்டிமேட்டில் காயில் என்ற வார்த்தையே கிடையாது.

கோடு இடம் மாறாமல் மூன்றிலேயே நின்றிருந்தால்? அடுத்து பிளக்கை மாற்றிப் பார்த்திருப்பேன். அதற்கும் நகரவில்லை என்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதுவும் இல்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம். அந்த இரண்டும் வீட்டு வாசல் வேலை இல்லை.

ஸ்கேனர் விற்கிறவர்கள் சொல்வதுபோல அது எல்லாம் தெரிந்த ஜோசியரும் இல்லை. வலி எங்கே என்று சொல்லும், நோய் என்ன என்று சொல்லாது. பி 0171 என்று வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. கிழிந்துபோன ஒரு ரப்பர் குழாய் எங்கோ திருட்டுக் காற்று இழுத்துக்கொண்டிருக்கும். சென்சார் பாவம், உண்மையைச் சொன்னதற்காக வேலை இழக்கிறது. வண்டி சூடானதும் பட்டென்று அணைந்து, அரைமணி கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் சுற்றை அளக்கும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். அது சில வண்டியில் கோடே பதியாமல் சாகும். மெக்கானிக்கிடம் போகும் முன் கோடை அழித்துவிட்டுப் போவதும் பேட்டரியைக் கழற்றுவதும் ஒன்றுதான், தடயத்தை நாமே துடைக்கிறோம். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே கொண்டு போங்கள்.

இப்போது என் மச்சான் வண்டி. கிட்டத்தட்ட அதே கோடு, ஆனால் முழுக்க வேறு கதை. போன மே மாதம், கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதை முழுக்க வண்டிகள். முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து, ஏ.சி.யும் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறான். சூட்டு முள் மேலே போனதைப் பார்த்தும், "அடுத்த வளைவு, அடுத்த வளைவு" என்று நிறுத்தாமல் ஓட்டிவிட்டான். இரண்டு வருஷமாக ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் வீட்டு போர் தண்ணீர். தினமும் வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் படியுமே ஒரு வெள்ளை, அது ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்திருந்தது. அது படிந்தால் சூடு வெளியே போகாது.

அதன் பிறகு காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் குலுங்கும், வெள்ளைப் புகை வரும், அப்புறம் சரியாகிவிடும். தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. என் ஸ்கேனரை மாட்டினால் பி 0301, பி 0302 இரண்டும். காயிலை இடம் மாற்றிப் பார்த்தோம், அசையவே இல்லை. இங்கே ஸ்கேனரின் வேலை முடிந்தது. ஷெட்டின் வேலை ஆரம்பித்தது.

அதே கோரிமேட்டு அண்ணனிடம்தான் கொண்டு போனோம். இந்த முறை "மாத்திப் பார்க்க வேண்டாம்ணா, கம்ப்ரஷன் பார்த்துச் சொல்லுங்க, அதுக்குத் தனியாக் காசு தர்றோம்" என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். நாலு பிளக்கையும் கழற்றி, பம்ப் ஃபியூஸை உருவி, மச்சானை ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டராக மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தார். மூன்றும் நாலும் 170 பி.எஸ்.ஐ. பக்கம் நின்றன. ஒன்றும் இரண்டும் 110-ஐத் தாண்டவில்லை. குறைந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு முள் ஏறும். ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஜோடியாக இறங்கியிருக்கின்றன, தண்ணீரும் குறைகிறது. "ஹெட் கேஸ்கட்டுதாங்க" என்றார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவில் அடைக்கிற தகடு அது. அந்தச் சோதனைக்கு அவர் வாங்கியது 500 ரூபாய். கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருக்கிற, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஷெட் இப்படிப்பட்ட வேலைக்குக் கம்பெனியைவிட மேல் என்பது என் கணிப்பு. அங்கே இதே வண்டிக்கு ஹெட்டைத் திறக்காமலேயே இன்ஜின் அசெம்பிளி மாற்றச் சொன்னார்கள். அந்தத் தொகை வண்டியின் இன்றைய விலையில் பாதிக்கு மேல்.

நோய் தெரிந்த பிறகு மச்சானுக்கு இரண்டாவது கேள்வி வந்தது. ஹெட்டை மட்டும் இறக்கிச் சரிசெய்வதா, சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) முழு இன்ஜினையும் பிரிப்பதா, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி வைப்பதா? ஹெட் வேலை என்றால் கேஸ்கட், புது ஹெட் போல்ட், லேத்தில் ஃபேஸிங் (ஹெட்டின் முகத்தைச் சமமாக்குவது) எல்லாம் சேர்த்து 22,000 என்றார். முழு வேலை 65,000 ஆகும். பழைய இன்ஜின் 45,000-க்குக் கிடைக்கிறது.

பழைய இன்ஜின் மலிவாகத் தெரியும். ஆனால் அது யார் வண்டியில் எவ்வளவு சூடாகி வந்தது என்று யாருக்குத் தெரியும்? நம் கையில் இருப்பதன் நோயாவது நமக்குத் தெரிந்த நோய். அதோடு இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒழுங்கான ரசீது இல்லாவிட்டால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வோம். வேறு வழியே இல்லை, பிளாக் உடைந்துவிட்டது என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

முழு வேலையா ஹெட் மட்டுமா என்பதை ஹெட்டைக் கழற்றாமல் முடிவு செய்யக் கூடாது. கழற்றியதும் நம்மைக் கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சிலிண்டர் சுவரில் நகம் தட்டுகிற கீறல் இருந்தால் ஹெட் வேலை வீண். ஆறு மாதத்தில் புகை வரும். மச்சான் வண்டியில் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஹெட்டின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அதற்கடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிக் காட்டினார். பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணல் இருந்தால் ஃபேஸிங் போட வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் 0.12 தாராளமாக உள்ளே போனது. சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றிலும் லாரித் தொழில் பெருத்த பகுதி இது, நல்ல லேத்துக்குப் பஞ்சமில்லை. ஃபேஸிங்குக்கு முன் தண்ணீர் அழுத்தம் வைத்து விரிசல் பார்க்கச் சொன்னோம். விரிசல் இல்லை. பழைய போல்ட்டையே போட்டுவிடலாம் என்று லேத்துக்காரர் சொன்னார்; இறுக்கும்போதே நீளும் வகை போல்ட் அது, ஒரு முறைக்குத்தான். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ரேடியேட்டரையும் மாற்றியாகிவிட்டது. போர் தண்ணீர்க் குடத்தை மச்சான் டிக்கியிலிருந்து எடுத்துவிட்டான், பதிலுக்கு ஐந்து லிட்டர் கூலண்ட் கேன் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன், ஸ்கேனரைச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் ஏறிப் பார்க்கப் போகிறோம். ஏ.சி. போட்டுத்தான். கூலண்ட் சூடு 100 டிகிரியைத் தாண்டினால் எந்த வளைவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துவதாகப் பேச்சு. மெக்கானிக் அண்ணனும் பின் சீட்டில் வருகிறாராம், அவருக்கு அந்த 900 ரூபாய்ப் பெட்டியைப் பார்க்க வேண்டுமாம்.